தேதியில்லாத செய்தியும் பூட்டிய நூலகமும்

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலக அலுவலர் அவர்களே, நாற்காலிகளும் தேநீரும் தந்துதவிய வணிகர் சங்கப் பெரியோர்களே, முன்வரிசையை விட்டுக்கொடுத்துப் பின்னால் நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சமூக வலைத்தளங்களால் விளைந்த நன்மை, தீமை, மாணவர் படிப்பில் அவை உண்டாக்கும் மாற்றம் ஆகிய மூன்றையும் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். நன்மையை மறுப்பதற்கில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எங்கே படகு வேண்டும், எங்கே உணவு வேண்டும் என்பதை முன்பின் அறியாதவர்கள் அவற்றின் வழியாகவே ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள்.

ஆனால், 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்றார்கள் நம் பெரியோர். (நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்வேன் என்று தலைவர் சிரிக்கிறார்; சிரிக்கட்டும்.)

எங்கள் தெரு இளைஞர் ஒருவருக்கு, 'அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அவருடையதும் அதே வகை. இரவு உணவைப் பாதியில் விட்டுவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடித்து, மாவட்டத் தலைநகரில் இறங்கி, மருத்துவமனை வாசலில் நின்று அந்த எண்ணை அழைத்தார். மறுமுனையில் இருந்தவர், "தம்பி, அது எங்கப்பாவுக்குத்தான். அவர் குணமாகி மூணு வருஷம் ஆச்சு. இப்போ திண்ணையில உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார், பேசுறீங்களா?" என்றார். பெரியவரும் விடவில்லை, தொலைபேசியை வாங்கி, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்தார். செய்தியில் பொய் ஒன்றுமில்லை, தேதிதான் இல்லை.

எல்லாச் செய்தியும் இப்படிச் சிரிப்பில் முடிவதில்லை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த குடும்பத்தினர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். குழந்தை கடத்தும் கும்பல் உலவுவதாக அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்ததால், ஊரார் அவர்களைத் தாக்கினார்கள். மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். தீர விசாரிக்க அங்கே ஒருவரும் நிற்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வேகம் குறைந்திருக்கலாம், விசாரிக்கும் வழக்கம் அதனால் வந்துவிடுமா?

தீர விசாரிப்பதற்கு ஓர் இடம் வேண்டாமா? நாளிதழில் தேதி இருக்கிறது. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல ஆசிரியர் இருக்கிறார். நான்கு நாளிதழ்களை அருகருகே விரித்து ஒப்பிட நம் ஊரில் உள்ள ஒரே இடம் கிளை நூலகம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். அப்படியிருந்தும், வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் அதன் கதவு பூட்டப்பட்டிருக்கிறது.

மாணவர் படிப்பைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் மணியடித்துவிட்டார். நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கக் கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. அலுவலர் அவர்கள் இங்கிருக்கும்போதே கையில் கொடுத்துவிட எண்ணியிருப்பதால், தேநீருக்கு முன் கையெழுத்திட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.