சரக்கோடு பயணிக்கும் கையொப்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓசூரில் இருந்து புணேவுக்கு வாகன உதிரிபாகம் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் கையில் பில் இருக்கிறது. பில்லின் ஓரத்தில் ஒரு கியூஆர் கோடு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், இன்னொரு நிறுவனத்துக்குச் சரக்கு விற்றால் இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறை. விற்றவர், வாங்கியவர் இருவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, தொகை, சரக்கின் வகையைக் குறிக்கும் ஹெச்எஸ்என் எண் எல்லாம் அந்தக் கோடுக்குள் இருக்கின்றன. கூடவே, பில்லைப் பதிவு செய்த தளம் போட்ட டிஜிட்டல் கையொப்பமும் இருக்கிறது. சிக்னல் கிடைக்காத நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தும் அதிகாரிகூட, தொகையில் ஓர் இலக்கம் மாறியிருக்கிறதா என்று கைப்பேசிச் செயலியை வைத்தே பார்த்துவிடலாம்.

அந்தக் கையொப்பம் ஆர்எஸ்ஏ முறையில் போடப்படுகிறது. அணு அளவிலான துகள்களின் விதிகளை வைத்துக் கணக்குப் போடும் வலிமையான குவாண்டம் கணினி ஒன்று வந்தால் உடையப்போகிற முறைகளில் ஆர்எஸ்ஏ முதல் வரிசையில் நிற்கிறது.

ஆர்எஸ்ஏவில் இரண்டு சாவிகள். கையொப்பமிடும் சாவி ரகசியம். சரிபார்க்கும் சாவி ஊருக்கே தெரியும். பெரிய எண் ஒன்றை அதன் இரண்டு பகா எண்களாகப் பிரிப்பது சாதாரணக் கணினியால் ஆகாத காரியம் என்பதுதான் இதற்குக் காவல். குவாண்டம் கணினிக்கு அது ஆகும் காரியம் என்று 1994இல் பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர் காட்டினார். தாளில் பதிந்த அச்சைப் பார்த்தே கம்பெனி முத்திரையைச் செதுக்கிவிடுவதைப் போன்றது அது.

அப்படி ஒரு கணினி இன்று இல்லை. ஐபிஎம் 2023இல் காட்டிய காண்டோர் சில்லில் இருந்தவை 1121 க்யூபிட்டுகள்தான். க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைக் கணக்கு அலகு. ஆனால் ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. 2048 பிட் நீளச் சாவி கொண்ட ஆர்எஸ்ஏவை உடைக்க 2 கோடி க்யூபிட்டுகள் வேண்டும் என்று 2019இல் ஆய்வாளர்கள் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் மதிப்பிட்டார்கள். 2025 மே மாதம் அதே கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட்டுகள் போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று எழுதினார். கருவி பெரிதாக வளராமலேயே, கணிதம் மட்டும் வளர்ந்து தேவை இருபதில் ஒரு பங்காகிவிட்டது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2035க்குப் பிறகு ஆர்எஸ்ஏவுக்கு இடமே இல்லை என்று 2024 நவம்பரில் வரைவு வெளியிட்டிருக்கிறது.

விநியோகச் சங்கிலியில் இருப்பவர்களிடம் இதைப் பற்றிப் பேசப்போனால், 'இன்றைக்கு நாம் மறையீடு செய்து அனுப்பும் தகவலைத் திருடி வைத்துக்கொண்டு பத்து வருடம் கழித்துத் திறந்து பார்ப்பார்களாமே?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த ஆபத்து உண்மைதான். ஆனால் எல்லாத் தகவலுக்கும் ஒரே அளவில் இல்லை. ஒரு சட்டையைத் தைப்பதற்கான விவரக் குறிப்பு, அதாவது டெக் பேக், அடுத்த சீசனில் பழைய காகிதம். ஒரு மருந்தின் தயாரிப்பு முறைக்கும், விமான உதிரிபாகத்தின் வரைபடத்துக்கும் இருபது ஆண்டுகளுக்கும் மேல் மதிப்பு உண்டு. எதை முதலில் காப்பது என்பதை அந்த ஆயுள்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: போகும் வழியில் தகவலைக் காக்கும் வேலை ஓரளவு நமக்குத் தெரியாமலேயே நடந்து வருகிறது. சிக்னல் என்ற செய்திச் செயலி 2023இலும் குரோம் உலாவி 2024இலும், தகவலைப் பூட்டும் சாவியை இரு முனைகளும் பகிர்ந்துகொள்வதில் குவாண்டத்தைத் தாங்கும் முறைக்கு மாறின. எதிர்முனையில் உள்ள சர்வரும் மாறியிருந்தால், அப்டேட் செய்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு தானாகவே கிடைத்துவிடுகிறது.

கையொப்பம் அப்படித் தானாக மாறாது. அதனால்தான் அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

பழைய பில்லுக்கே வருகிறேன். நிஸ்ட் 2024 ஆகஸ்ட் 13 அன்று குவாண்டத்தைத் தாங்கும் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. அவற்றில் பொதுப் பயன்பாட்டுக்கான கையொப்ப முறை எம்எல்-டிஎஸ்ஏ. இன்றைய ஆர்எஸ்ஏ கையொப்பம் 256 பைட். எம்எல்-டிஎஸ்ஏவில் ஆகச் சிறியதே 2420 பைட். கையொப்பத்தை எழுத்துகளாக மாற்றித்தான் இப்போது கோடுக்குள் வைக்கிறார்கள். அப்படி மாற்றினால் 3200 எழுத்துகளைத் தாண்டும். உலகத்திலேயே பெரிய கியூஆர் கோடு கொள்வது 2953 பைட். ஆக, கையொப்பம் மட்டுமே கோடுக்குள் அடங்காது. பில் விவரத்துக்கு எங்கே இடம்? எழுத்தாக்காமல் நேரடியாகத் திணித்தாலும், பக்கத்துக்கு 177 கட்டங்கள் கொண்ட கோடு அது. நான்காக மடித்து, வியர்வையில் நனைந்த தாளில் அதைக் கைப்பேசி படிக்குமா?

ஃபால்கன் என்ற இன்னொரு முறை இருக்கிறது. அதில் சிறிய வகையின் கையொப்பம் 666 பைட்தான். கோடுக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் கையொப்பமிடும் பக்கத்தில் அதன் கணக்கு மிக நுட்பமானது. நிரலில் சின்னப் பிசகு இருந்தாலும் ரகசியச் சாவி கசியலாம். நிஸ்ட் அதை 2022லேயே தேர்ந்தெடுத்தும், மற்ற மூன்றோடு சேர்த்து வெளியிடவில்லை. மூன்றாவது வழி, கோடில் பதிவு எண்ணை மட்டும் வைத்துவிட்டு மற்றதை இணையத்தில் பார்த்துக்கொள்வது. ஐஆர்என் என்ற அந்த 64 எழுத்துப் பதிவு எண், விவரங்களைப் பின்னோக்கிப் பிரிக்க முடியாத சுருக்கமாக மாற்றும் ஹாஷ் முறையில் உருவாவதால், ஷோரின் வழிமுறை அதைத் தொடாது. போலி பில்லும் தளத்தின் பதிவேட்டில் இருக்காது. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் சரிபார்க்கும் வசதி போய்விடும். சிறு வியாபாரியின் வண்டி ராத்திரியில் செக்போஸ்டில் காத்துக் கிடப்பதைத் தவிர்க்கும் வசதி அது. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஃபால்கனைப் பொறுமையாகச் சோதித்து எடுத்துக்கொள்வதே மேல்.

புதிய முறைகள் எல்லாமே உறுதியானவை என்றும் நம்பிவிட முடியாது. புதிய முறைகளைத் தேர்ந்தெடுக்க நிஸ்ட் நடத்திய போட்டியில் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை, 2022இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் சாதாரணக் கணினியில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அதனால் இன்று எதைத் தேர்ந்தெடுத்தாலும், நாளை அதைக் கழற்றி வேறொன்றை மாட்டும்படி மென்பொருள் இருக்க வேண்டும்.

பில்லையாவது அடுத்த மாதமே வேறு மாதிரி அச்சிடலாம். தொழிற்சாலை இயந்திரத்தின் கன்ட்ரோலரையும் லாரியின் மின்னணுப் பெட்டியையும் என்ன செய்வது? 'இந்த அப்டேட் தயாரிப்பாளரிடம் இருந்துதான் வந்தது' என்று பார்க்கும் சாவி பல கருவிகளில் சில்லுக்குள்ளேயே எரித்துப் பதிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்ற முடியாது. இந்த ஆண்டு வாங்கும் இயந்திரம் 2040இலும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்டேட் வரும் வழி எதிரியின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2017 ஜூனில் உலகம் பார்த்தது. உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற நாசவேலை மென்பொருள் பரவியது. மார்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. நஷ்டம் 30 கோடி டாலர் வரை. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்று, கன்டெய்னர்கள் தேங்கின. அதற்குக் குவாண்டம் கணினி தேவைப்படவில்லை. தயாரிப்பாளரின் கையொப்பத்தையே போலியாகப் போட முடிகிற நாளில், சர்வருக்குள் நுழைய வேண்டிய சிரமம்கூட எதிரிக்கு இருக்காது.

இந்தியாவில் டிஜிட்டல் கையொப்பத்தை எந்த முறையில் போடலாம் என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் வரையறுக்கின்றன. அங்கே மாற்றம் வராமல் ஓசூர் முதலாளி தனியாக மாற முடியாது. அவர் செய்யக்கூடியது வேறு. தன் கையொப்பங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். ஆடிட்டர் மேசை இழுப்பறையில் கிடக்கும், கையொப்பச் சாவி உள்ள யூஎஸ்பி டோக்கனில் இருந்து தொடங்கி, சுங்கத்துறைத் தளம், வங்கி, வாங்குபவரின் போர்ட்டல், இயந்திரங்களின் அப்டேட் வரை. மென்பொருளில் என்னென்ன மறையீட்டு முறைகள் இருக்கின்றன என்று பட்டியலிடும் வழிகாட்டுதலை இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2025இல் வெளியிட்டிருக்கிறது. விற்பவரிடம் அந்தப் பட்டியலைக் கேட்கலாம். அடுத்த இயந்திரத்துக்கான பர்ச்சேஸ் ஆர்டரில், அப்டேட்டைச் சரிபார்க்கும் முறையைப் பிறகு மாற்ற முடியுமா என்ற கேள்வியைச் சேர்த்து, பதிலை எழுத்தில் வாங்கலாம். ஜாப் ஒர்க் எடுக்கும் பத்துப் பேர் கொண்ட பட்டறையிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கான செலவையும் வழிகாட்டலையும் ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனம் ஏற்க வேண்டும் என்று அவர்களின் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.