விசில் ஊதட்டுமா?

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். ‘கால்பந்து ரசிகர்களின் கேலிப் பேச்சு ஆட்டத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?’ என்பது இன்றைய தலைப்பு. வளர்க்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசும்போது 2023 மார்ச் 3-ஆம் தேதியைக் கையில் எடுத்தார். நம் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரில், பெங்களூரு அணியுடனான பிளே ஆஃப் ஆட்டத்தின் நடுவே கேரளா பிளாஸ்டர்ஸ் அணி களத்தை விட்டு வெளியேறியதே, அந்தப் பகைக்கு ரசிகர்களின் வாய்தானே உரம் போட்டது என்று கேட்டார். அந்த நாளையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அன்று நான் பெங்களூரு அணியின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அந்த மைதானத்தில் இருந்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் திருச்சூர்க்காரர் ஒருவர் உண்டு. என்னைவிட ஐந்து வயது இளையவர். என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். அன்று அவர் கேரளா அணியின் மஞ்சள் சட்டையில் வந்தார். இருவரும் இந்திரா நகரில் ஒன்றாக மெட்ரோ ஏறி, கப்பன் பார்க்கில் இறங்கி, மைதானத்து வாசலில் பிரிந்து, அவரவர் கேலரிக்குப் போனோம். புள்ளிப் பட்டியலில் பெங்களூரு நான்காம் இடம், கேரளா ஐந்தாம் இடம். அந்த ஆண்டுதான் ஆறு அணிகள் பிளே ஆஃபுக்கு வரும் முறை முதல்முறையாக வந்தது. ஒரே ஆட்டம். தோற்றவருக்கு மறு வாய்ப்பு கிடையாது.

தொண்ணூறு நிமிடம் ஓடியும் ஒரு கோல் இல்லை. கூடுதல் நேரம். 96-ஆவது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்குச் சற்று வெளியே எங்கள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரியை வீழ்த்தியதற்காக ஃப்ரீ கிக், அதாவது தவறுக்குப் பதிலாகக் கிடைக்கும் உதை. கேரளா கோல்கீப்பர் பிரப்சுகன் கில் முன்னால் வந்து, பந்தைத் தடுக்க வீரர்களை வரிசையாக நிறுத்திச் சுவர் அமைத்துக்கொண்டிருந்தார். சேத்ரி பந்தை வைத்தார், பார்த்தார், ஆளில்லாத வலைக்குள் மெல்ல எடுத்துப் போட்டுவிட்டார். ரெஃப்ரி கிரிஸ்டல் ஜான் கோல் என்று கை காட்டினார். என் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று புரியவே சில நொடிகள் ஆயின. சத்தம் அதற்குப் பிறகுதான் எழுந்தது. விசில் ஊதும் முன்பே உதைத்தது செல்லாது என்று கேரளா பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் களத்துக்குள் வந்து தம் வீரர்களை வெளியே அழைத்தார். அவர்கள் போனார்கள், திரும்பி வரவே இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, ஆட்டம் பெங்களூருக்கு என்று அறிவித்தார்கள்.

நடுவர் அவர்களே, இதில் ரசிகரின் கேலி எங்கே வந்தது? ஒரு ரெஃப்ரியின் முடிவை ஒரு பயிற்சியாளர் ஏற்கவில்லை, அவ்வளவுதான். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு கேரளா கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும் விதித்தது. கேலரியில் கத்தியவன் வீட்டுக்கு எந்தக் கடிதமும் போகவில்லை. யாரோ உடைத்த பானைக்கு யாரோ விலை கொடுக்க வேண்டும் என்கிறார் எதிரணித் தலைவர்.

அன்றிரவு கப்பன் பார்க் நிலையத்தில் என் நண்பரைப் பார்த்தேன். முகம் இருண்டிருந்தது. நான் எதுவும் பேசவில்லை. வெற்றி பெற்றவன் முதலில் வாய் திறக்கக் கூடாது. இது ரசிகர்களுக்குள் எழுதாத சட்டம். ரயிலில் இரண்டு நிலையங்கள் கடந்தன. பிறகு அவரே சொன்னார்: “அண்ணா, உங்கள் கேப்டன் ஆளில்லாத வீட்டில் புகுந்து திருடியவர்.”

நான் சொன்னேன்: “தம்பி, கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் சுவர் கட்டப் போனது யார்?”

அவர் சிரித்துவிட்டார். சிரிக்க விருப்பமில்லாமல்தான் சிரித்தார். எதிரில் உட்கார்ந்திருந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் மூவரும் சிரித்தார்கள். அந்தப் பெட்டியில் அதுவரை இறுகிக் கிடந்த காற்று அந்த ஒரு நொடியில் இளகியதை நான் பார்த்தேன். எதிரணி சொல்கிறபடி கேலி பகையை மூட்டும் என்றால், அன்று அங்கே கைகலப்பு நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. அந்த மனத்தாங்கலுக்கு ஒரு வடிகால் தேவைப்பட்டது. கேலிதான் அந்த வடிகால்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். மறுநாளிலிருந்து இருவரும் கால்பந்து விதிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினோம். பதின்மூன்றாவது விதி ஃப்ரீ கிக்கைப் பற்றியது. எதிரணி வீரர்கள் 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்காமல், உதைப்பவர் உடனே உதைக்க விரும்பினால் உதைக்கலாம். ரெஃப்ரி குறுக்கிட்டு, விசில் ஊதும்வரை காத்திரு என்று சொல்லியிருந்தால்தான் காத்திருக்க வேண்டும். அப்படிச் சொன்னாரா, சொல்லவில்லையா என்பதில்தான் எங்கள் சண்டை. அந்தக் காட்சியை எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. பதினைந்து ஆண்டுகளாகக் கால்பந்து பார்க்கிறேன். அதுவரை அந்த விதியை ஒரு வரி படித்ததில்லை. என்னைப் படிக்க வைத்தது நண்பரின் கேலிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ரோசம்தான். எத்தனை அலுவலகங்களில், எத்தனை டீக்கடைகளில் அந்த மாதம் இது நடந்திருக்கும்! எந்தப் பயிற்சி வகுப்பு இத்தனை பேருக்கு ஒரு விதியைக் கற்றுக்கொடுக்கும்?

எங்கள் அலுவலகக் கேண்டீனில் அன்று தொடங்கி ஒரு வழக்கம் வந்துவிட்டது. என் தட்டில் இருக்கும் மசால் வடையை அவர் சட்டென்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நான் நிமிர்ந்து பார்த்தால், “விசிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை அண்ணா, உங்கள் கட்சியின் விதிதானே” என்பார். டீயை ஊற்றும் முன்னால் நான் கேட்பேன்: “விசில் ஊதட்டுமா?” இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினோம்.

எதிரணியில் பேசிய சகோதரி, கேலி என்பது அடுத்தவரை இழிவு செய்வது, அறியாமையின் பேச்சு என்றார். அம்மா, மன்னிக்க வேண்டும். அடுத்த அணியைப் பற்றி எதுவும் தெரியாதவனால் கேலியே செய்ய முடியாது. நான் என் நண்பரிடம், “உங்கள் அலமாரியில் தூசி தட்ட ஒரு கோப்பையாவது இருக்கிறதா?” என்று கேட்க வேண்டுமானால், கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதி வரை வந்து தோற்றதும், அவற்றில் இரண்டு பெனால்டியில் கைநழுவியதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னைத் திருப்பி அடிக்க, அதே 2023-இல் கேரளாவைத் தாண்டிப் போன பெங்களூரு, கோவாவில் நடந்த இறுதியில் மோகன் பகானிடம் பெனால்டியில்தான் தோற்றது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பகைவனின் வரலாற்றை இவ்வளவு அக்கறையாக யார் படிப்பார்கள்?

இந்த அவையில் சென்னை ரசிகர்களும் இருக்கிறீர்கள் என்று தெரியும். 2018 மார்ச் 17. இதே கண்டீரவாவில், எங்கள் வீட்டு முற்றத்தில், சென்னையின் எஃப்.சி. எங்களை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அதில் மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டிய கோல்கள் இரண்டு. சென்னையில் என் மைத்துனர் வீட்டு நிலைப்படி கொஞ்சம் தாழ்வு. நான் நுழையும்போதெல்லாம், “மச்சான், தலையைப் பார்த்து வாருங்கள், தலையில் பட்டால் உங்களுக்கு மைல்சன் ஞாபகம் வந்துவிடும்” என்பார். அந்த வரவேற்பு இல்லாவிட்டால் அது எனக்கு மாமனார் வீடாகவே தோன்றாது.

நம் கல்யாண வீடுகளில் நலுங்கு வைப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் மூக்கைப் பாடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தியின் கஞ்சத்தனத்தைப் பாடுவார்கள். அப்பளத்தைத் தலையைச் சுற்றி உடைப்பார்கள். யாராவது எழுந்து போகிறார்களா? கேலி செய்ய முறை வேண்டும். முறை இல்லாதவரை நாம் கேலி செய்வதில்லை, மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறோம். லாவணிப் பாட்டுப் போட்டியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பேர் விடிய விடிய ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். மன்மதன் எரிந்தானா இல்லையா என்பதைவிட அந்த மடக்கைக் கேட்கத்தான் ஊர் கூடியது. நீலமும் மஞ்சளும் எதிரெதிர்க் கேலரியில் நின்று பாடுவதும் அந்த மரபைச் சேர்ந்ததுதான்.

வசை வேறு. அதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். ஒரு வீரரின் மனைவியையும் குழந்தையையும் இழுத்துப் பேசுவது, நிறத்தையும் சாதியையும் சொல்லிக் கத்துவது கேலி அல்ல, கயமை. அதைச் செய்கிறவனை மைதானத்துக்குள் விடக் கூடாது. எதிரணியில் ஒருவர் 1985-இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்ததைச் சொன்னார். அந்தச் சாவுகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அங்கே ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் மீது பாய்ந்தது. பழுதான மைதானத்தில் சுவர் சரிந்தது. வன்முறையையும் பாழடைந்த கட்டடத்தையும் ரயில் பெட்டியில் சிரித்த அந்த மூன்று பிள்ளைகளின் கணக்கில் எழுதாதீர்கள்.

இனி என் பெரிய சாட்சி. 2018 ஜூன் 1-ஆம் தேதி மும்பையில் இந்திய அணி சீன தைபேயை 5-0 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2,569. ஒரு நாட்டின் அணிக்கு, நம் ஊர்த் தேரோட்டத்துக்கு வருகிற கூட்டம்கூட இல்லை. மறுநாள் கேப்டன் சேத்ரி ஒரு காணொளி வெளியிட்டார். எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், எங்கள் முகத்துக்கு நேராகக் கத்துங்கள். ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜூன் 4-ஆம் தேதி கென்யாவுடனான ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுப் போயின. கொட்டும் மழையில் நிறைந்த மைதானத்தில், தம் நூறாவது ஆட்டத்தில், இரண்டு கோல் அடித்தார்.

களத்தில் ஓடியவருக்குத் தெரிந்திருக்கிறது, நடுவர் அவர்களே. கேலி செய்கிற வாயைவிட வெறும் நாற்காலிதான் ஆட்டத்தைக் கொல்லும்.

2023 செப்டம்பர் 21-ஆம் தேதி கொச்சியில் பெங்களூருவும் கேரளாவும் மறுபடி மோதின. கேரளா 2-1 என்று வென்றது. அடுத்த நாள் காலை என் மேசைக்கு நண்பர் மூன்று நேந்திரம் பழங்களோடு வந்தார். எதுவும் பேசவில்லை. இரண்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். கேரளாவின் முதல் கோல் எங்கள் வீரர் ஃபீன்டோர்ப் எங்கள் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்டது. நான் அவருடைய இரண்டில் ஒன்றைத் தொட்டுக் காட்டி, “தம்பி, இது எங்கள் மரத்தில் காய்த்தது” என்றேன். மூன்றையும் பங்கு போட்டுத் தின்றோம்.

2024 ஜூன் 6-ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு சேத்ரி இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். 151 ஆட்டம், 94 கோல். அன்று ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அவர் கண் கலங்கி வெளியே நடந்தபோது என் கைப்பேசி ஒலித்தது. திருச்சூர் நண்பர். பதினைந்து மாதமாக அந்த மனிதரைத் ‘திருடன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வெகு நேரம் எதுவும் பேசவில்லை. தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. கடைசியில், “அண்ணா, இனி நான் யாரைத் திட்டுவேன்?” என்றார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. அந்தப் பதினைந்து மாதக் கேலிக்குள் என்ன இருந்தது என்பதை அந்தக் கேள்வி எனக்குக் காட்டிவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு செய்தி. 2025 மார்ச் மாதம் சேத்ரி ஓய்விலிருந்து திரும்பி இந்திய அணிக்கு ஆட வந்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். அவர் திரும்பி வருகிறார் என்ற அறிவிப்பு வந்த அன்று, என் நண்பரிடமிருந்து ஒரு வரி வந்தது:

“ஓய்வுக்கும் விசில் ஊதவில்லையாம் அண்ணா!”

தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். வணக்கம்.