குழாயை நம்பாத என் மாமியார்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தேவனுடைய அன்பைப் பற்றியும், அதிலிருந்து பிறக்கும் பிறரன்பைப் பற்றியும் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் போதகர் அல்ல, ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைத் தவிர வேறு ஊழியம் செய்து பழக்கமில்லை. ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டைக் கொண்டுதான் இதைப் பேச முடியும். ஒன்று என் மாமியார். மற்றொன்று ஒரு வினைச்சொல்.

மாமியார் தமது கடைசி நான்கு ஆண்டுகளைத் தோ பாயோவில் எங்கள் வீட்டில் கழித்தார். அவருக்கு முதுமை மறதிநோய். முதலில் பெயர்கள் மறந்தன, பிறகு கிழமைகள், பிறகு நாங்கள். எல்லாம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது. இரவு பத்து மணிக்கு மேல் எழுந்து சமையலறைக்கு வருவார். குழாயைத் திறந்து, கைக்கு அகப்பட்ட பாத்திரத்திலெல்லாம் தண்ணீர் பிடிப்பார். சோற்றுப் பானை, பால் காய்ச்சும் பாத்திரம், டிபன் கேரியரின் நான்கு அடுக்குகள், பேரனின் தண்ணீர்ப் புட்டி, மூடி தொலைந்துபோன மைலோ டின். ஒவ்வொன்றும் விளிம்புவரை நிரம்பிய பிறகு அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடுவார். வரிசையாகத் தரையில் அடுக்குவார். காலையில் எழுந்து வந்தால் அடுப்பருகே போகக் கால் வைக்க இடமிருக்காது.

"எதற்கு அத்தை இவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "குழாயை நம்பாதே."

இளைய நேயர்களுக்கு இந்தப் பதில் விளங்காது. 1963 ஏப்ரலில் மழை பொய்த்து, சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. மறு ஆண்டு பிப்ரவரி வரை, பத்து மாதம் நீடித்தது. அப்போது தீவுக்குள் மெக்ரிட்சி, பியர்ஸ், சிலேத்தார் ஆகிய மூன்று நீர்த்தேக்கங்கள்தான். மீதித் தண்ணீருக்கு அக்கரையில் இருக்கும் ஜொகூரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியாருக்கு அது கல்யாணமாகி இரண்டாம் ஆண்டு. பொத்தோங் பாசிர் கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பில், வாழ்ந்தார். கையில் ஆறு மாதக் குழந்தை. அந்தக் குழந்தைதான் என் கணவர். பொதுக் குழாயின் முன்னால் தகர டின்னோடு வரிசையில் நின்றதையும், தம் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுபோனதையும் நல்ல நினைவோடு இருந்த நாட்களில் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். இன்றைக்கு நம்மிடம் 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர் இருக்கிறது. ஆனால் மறதி அவரை அந்த 17 நீர்த்தேக்கங்களுக்கு முந்திய காலத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது. அங்கே ஒரு குழந்தை தாகத்தோடு அழுதுகொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

நள்ளிரவு தாண்டியிருந்தது. அன்று மூன்று முறை அவருக்குப் படுக்கை மாற்றியிருந்தேன். சமையலறையில் சத்தம் கேட்டு வந்து பார்த்தால் பன்னிரண்டு பாத்திரங்கள். நான் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அவர் கண்ணெதிரே கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, பிள்ளை நாளைக்கு என்ன குடிக்கும்?" என்று கதறினார். நான் கையை உதறிவிட்டு மற்றதையும் கவிழ்த்தேன்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு வந்து அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தேன். வாரந்தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறவள். அந்த வசனம் அன்றைக்கு எனக்குக் கட்டளையாகக்கூடத் தோன்றவில்லை. தீர்ப்பாகத்தான் தோன்றியது. உள்ளே தேடிப் பார்த்தேன். அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை. அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் கல்யாணத்தில் நகை குறைவென்று அவர் சொன்ன சொல்லிலிருந்து தொடங்கி, முப்பது ஆண்டுகளாக மனத்துக்குள் நான் எழுதிவந்த ஒரு கணக்கு நோட்டு. அவர் எனக்குக் கொடுத்தது இவ்வளவு, ஆகவே நான் அவருக்குக் கொடுக்க வேண்டியது இவ்வளவு. நானும் அளந்து பிடித்து, மூடி வைத்துத்தான் வாழ்ந்திருக்கிறேன். குழாயை நம்பாதவள் என் மாமியார் மட்டுமல்ல.

எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில், இரண்டாம் அதிகாரத்தில், தேவன் தம் ஜனங்களைக் குறித்து வருந்துகிற இடம் ஒன்று உண்டு. ஜீவத்தண்ணீரின் ஊற்றாகிய என்னை விட்டுவிட்டார்கள், தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளைத் தங்களுக்கு வெட்டிக்கொண்டார்கள் என்கிறார். அந்த வசனத்தை விக்கிரக வணக்கத்தைப் பற்றியது என்றுதான் நான் படித்துப் பழகியிருந்தேன். என் நல்ல குணம், என் பொறுமை, என் கடமையுணர்ச்சி ஆகியவையும் வெடிப்புள்ள தொட்டிகளாக இருக்கலாம் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

இப்போது அந்த வினைச்சொல்லுக்கு வருகிறேன். யோவானின் முதலாம் நிருபம், நான்காம் அதிகாரம், 19-ஆம் வசனம்: "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்." கிறிஸ்தவரல்லாத நேயர்களுக்கு இந்த 'அன்புகூர்தல்' என்ற சொல் சற்றுப் பழையதாகத் தோன்றலாம். எங்கள் வேதாகமத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதுதான். நன்னூல் படித்தவர்களுக்கு 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்ற சூத்திரம் நினைவிருக்கும். ஆறு சொற்களும் மிகுதியைக் குறிக்கும் என்று எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறார். கூர்தல் என்றால், ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுவது. இல்லாத ஒன்றை இழுத்து வருவதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

உள்ளது சிறக்கும். அந்த இரண்டு சொற்களை எத்தனை நாள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. அன்பு கூர வேண்டுமானால் முதலில் அன்பு இருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்து இருக்கும்? யோவான் அதற்குத்தான் பதில் சொல்கிறார். 'முந்தி' என்ற ஒற்றைச் சொல்லில் சொல்கிறார். அதற்கு ஒன்பது வசனங்களுக்கு முன்னால் இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நாம் தேவனிடத்தில் அன்புகூர்ந்ததினால் அல்ல, அவர் நம்மிடத்தில் அன்புகூர்ந்து, நம்முடைய பாவங்களுக்காகத் தம்முடைய குமாரனை அனுப்பினதினாலே அன்பு உண்டாயிருக்கிறது. சிலுவையைத்தான் சொல்கிறார். நாங்கள் நல்லவர்களான பிறகு அல்ல, பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து எங்களுக்காக மரித்தார் என்று பவுலும் ரோமருக்கு எழுதுகிறார். என்னுடைய கணக்கு நோட்டைப் போல ஒன்றை தேவன் வைத்திருந்தால் என் பக்கத்தில் வரவு என்று எழுத அவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

இங்கே சிறிய செய்தி ஒன்று. இந்த 19-ஆம் வசனத்தில் 'அவரிடத்தில்' என்ற சொல் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லை. 'அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாம் அன்புகூருகிறோம்' என்று யாரிடத்தில் என்று சொல்லாமலே நிற்கிறது. எனக்கு அந்தப் பாடம் பிடித்திருக்கிறது. அவரிடத்தில் மட்டும் என்று அணை கட்டாமல் விட்டிருக்கிறது. அடுத்த வசனமும் அதற்கு இசைவாகவே வருகிறது. கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று கேட்கிறது. சமையலறையில் நிற்கும் மாமியாரைக் காணாததுபோல் கடந்துபோய் ஜெபத்தில் உட்கார முடியாது.

சொல்லின் பொருள் விளங்கிவிட்டால் வாழ்க்கை மாறிவிடுமா? எனக்கு மாறவில்லை. மாறத் தொடங்கியது வேறொரு வழியில். அந்த வழி எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய் மூதாட்டி. நாங்கள் எல்லோரும் அவரை மக்சிக் என்போம். நான் ஆசிரியை என்பதால் அவர் என்னைச் சிக்கு என்று அழைப்பார். நோன்பு மாதம் அது. பள்ளிவாசலில் கொடுத்த கஞ்சியில் ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு மாலையில் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "நீ போய் இரண்டு மணி நேரம் தூங்கு. உன் மாமியாரோடு நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். பகல் முழுவதும் நோன்பிருந்த எழுபது வயதுப் பெண்மணி. நான் வேண்டாம் என்றேன். மறுபடி சொன்னார். மறுபடியும் வேண்டாம் என்றேன். எனக்கு உதவி தேவையில்லை என்பதல்ல காரணம். நான் வாங்கிக்கொள்கிறவள் அல்ல, கொடுக்கிறவள் என்ற பெருமை.

அப்போது பேதுருவின் நினைவு வந்தது. பெரிய வியாழன் ஆராதனையில் ஆண்டுதோறும் வாசிக்கிற பகுதிதான், யோவான் பதின்மூன்றாம் அதிகாரம். இயேசு இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீஷர்களுடைய கால்களைக் கழுவுகிறார். பேதுரு தடுக்கிறார்: நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது. இயேசு சொல்லும் பதில் கடுமையானது. நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை. இதற்குப் பிறகுதான் நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள் என்கிறார். அதற்கும் பிறகுதான் புதிதான கட்டளை வருகிறது: நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல நீங்களும் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள். அந்த அறையின் ஒழுங்கைக் கவனியுங்கள். கழுவப்படுவது முதலில், கழுவுவது பிறகு. காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அப்போது அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். அவர் எழுந்து வெளியே போனது கால்கள் கழுவப்பட்ட பிறகு.

நான் மக்சிக்கிடம் கஞ்சியை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்தேன். இரண்டு மணி நேரம் அல்ல, நான்கு மணி நேரம் தூங்கினேன்.

அவர் கிறிஸ்தவர் இல்லையே, அவரிடமிருந்த அன்பு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. யோவான் 'அன்பு தேவனால் உண்டாயிருக்கிறது' என்றுதான் எழுதினார்; சபைக்கு உள்ளே இருக்கிற அன்பு மட்டும் என்று எழுதவில்லை. நான் கிறிஸ்துவின் சிலுவையில் அந்த அன்பின் முகத்தைக் கண்டிருக்கிறேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மாலையில் என் ஆண்டவர் என் கால்களைக் கழுவ நினைத்தபோது பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டினார் என்று முழு மனதோடு நம்புகிறேன். மக்சிக் அதை அவருடைய முறையில் சொல்வார். எனக்கு அதில் வருத்தமில்லை.

அதன் பிறகு நான் தேவதையாகிவிடவில்லை. கோபம் வந்தது, எத்தனையோ நாள் குரலை உயர்த்தியிருக்கிறேன். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. முன்பெல்லாம் வற்றிப்போனால் என்னையே பிழிவேன். நீ கிறிஸ்தவள்தானா என்று என்னையே திட்டி, இன்னும் இரண்டு சொட்டு வருமா என்று பார்ப்பேன். இப்போது வற்றிப்போனால் உட்கார்ந்துவிடுவேன். ஐந்து நிமிடம். நீர் முந்தி என்னிடத்தில் அன்புகூர்ந்தீர் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பேன். வேண்டுதல் ஒன்றும் சொல்ல மாட்டேன். யாராவது உதவுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கணவரிடம் இரவு முறையை மாற்றிக் கேட்டதும், வாரத்தில் மூன்று நாள் மாமியாரைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பியதும் இதற்குப் பிறகுதான். தேவ அன்பு நம்முடைய இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது என்று பவுல் சொல்கிறாரே, ஊற்றுவதற்கு இவள் ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டுமே என்று தேவன் எவ்வளவு காலம் காத்திருந்தாரோ.

இந்த வானொலியை இப்போது யாராவது ஒரு நோயாளியின் கட்டிலருகே கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் வறண்டிருப்பது குற்றமல்ல.

பாத்திரங்களைக் கவிழ்ப்பதையும் நிறுத்தினேன். இரவு பத்து மணிக்கு அவர் எழுந்து வந்தால் நானும் கூடப் போவேன். அவர் குழாயடியில் நிற்பார்; நான் பாத்திரங்களை எடுத்துக் கொடுப்பேன், நிரம்பியதை வாங்கித் தரையில் வைப்பேன், தட்டு போட்டு மூடுவேன். கம்பத்துப் பெண்கள் இரண்டு பேர் வரிசையில் நிற்பதுபோல இருக்கும். காலையில் அந்தத் தண்ணீரை நடைபாதையில் இருக்கும் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் மக்சிக்கின் பாண்டான் செடிக்கும் ஊற்றிவிடுவேன்.

அவர் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஓர் இரவு. எல்லாப் பாத்திரங்களும் நிரம்பிவிட்டன. ஒரு சிறிய எவர்சில்வர் செம்பு மட்டும் அவர் கையில் இருந்தது. அதையும் பிடித்தார். மூடத் தட்டு தேடினார், கிடைக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இரண்டு கைகளாலும் செம்பை என் பக்கம் நீட்டினார்.

"வரிசையில் ரொம்ப நேரமாக நிற்கிறாயே. இந்தா, நீ முந்திக் குடி" என்றார்.

வாங்கிக் குடித்தேன்.