பாட்டி சொன்னதை அளந்தும் பார்ப்போம்

நடுவர் அவர்களே, புதுச்சேரிப் பெரியோர்களே, வணக்கம். சர்க்கரை நோய்க்கு நாட்டு மூலிகை கொடுக்கத் தலைமுறை அனுபவமே போதும் என்று எதிரணி பேசி அமர்ந்திருக்கிறது. பரிசோதனையும் வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறது எங்கள் அணி.

எதிரணி அண்ணன் 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்றதும் கைதட்டல் எழுந்ததே, நானும்தான் தட்டினேன். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் பழைய வேட்டியை விரித்து ஆவாரம்பூவைக் காயவைப்பார் பாட்டி. வெயில் ஏற ஏறப் புரட்டிவிடுவது என் வேலை. மூலிகைமேல் எனக்குக் கோபமே கிடையாது.

கோபம் எங்கே என்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் அப்பா ஒருவரிடம் பொடி வாங்கினார். ஒரு மண்டலம் சாப்பிடுங்க, மாத்திரையை நிறுத்திடுங்க என்றார் விற்றவர். பொட்டலத்தில் என்ன மூலிகை, எத்தனை கிராம், ஒரு வரி எழுத்து இல்லை. பொடியை நாக்கில் தடவச் சொல்லி, அப்புறம் சீனியைக் கொடுத்தார். இனிக்கவில்லை. 'பார்த்தீங்களா, சர்க்கரை போயிடுச்சு' என்றார். அப்பா நம்பிவிட்டார்.

அது சிறுகுறிஞ்சான். அதன் இலையை நன்றாக மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டுப் பாருங்கள், மணலை மெல்லுவது போல நறநறவென்று இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் இடத்தைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் என்ன நடக்கிறது என்பதை நாக்கு எப்படிச் சொல்லும்? அப்பாவுக்குக் கால்தான் சொன்னது. செருப்பு கடித்த சின்னப் புண், இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ஒருநாள் காலை கட்டைப் பிரித்தபோது வந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அப்போ சிறுகுறிஞ்சான் பொய்யா என்றால், இல்லை. எதை, எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்று கேட்காமல் கொடுத்ததுதான் தப்பு. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆவாரம்பூச் சாற்றைச் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்து, சர்க்கரை குறைந்ததை 2002இல் வெளியிட்டார்கள். நம் பாட்டிகளுக்கு அது பெருமை. ஆனால் எலிக்குச் சரிவந்தது மனிதனுக்கும் வருமா என்று அடுத்த படி ஏறியாக வேண்டும். வேங்கை மரம் அந்தப் படி ஏறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதிதாக நோய் தெரிந்த 97 பேருக்கு அதைக் கொடுத்தது. 12 வாரத்தில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததாக 1998இல் அறிவித்தது. மீதி 30 பேருக்கு வரவில்லை என்பதையும் அதே ஆய்வுதான் காட்டுகிறது. பொடி விற்றவர் அந்த 30 பேரைப் பற்றிப் பேசுவாரா?

மாத்திரை வெள்ளைக்காரன் சரக்கு என்றார்கள். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்பார்மினுக்கு வழிகாட்டியதே கலேகா என்ற ஐரோப்பிய மூலிகை. அதிலிருந்த கலேகின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது, உடம்புக்கு நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவான மெட்பார்மினை 1922இல் ஆய்வகத்தில் செய்தார்கள். 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். அவர்கள் ஊர்ப் பாட்டி வைத்தியம் சோதனையில் தேறி உலகமெல்லாம் போனது. நம் ஆவாரைக்கு மட்டும் அந்த வாய்ப்பு வேண்டாமா?

'என் மாமாவுக்குக் குறைந்ததே' என்றார் எதிரணித் தங்கை. குறைந்திருக்கும். ஆனால் பொடி தொடங்கிய அன்றே மாமா கடற்கரைச் சாலையில் நடக்கவும் தொடங்கினார் என்று அவரேதான் சொன்னார். குறைத்தது பொடியா, நடையா? அதற்குத்தான் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மூலிகை, இன்னொன்றுக்கு அதே மாதிரி தெரியும், மூலிகை இல்லாத வெறும் பொடி. ரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அதில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிவிடும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கூடவே பார்க்க வேண்டும்.

2023இல் வந்த தேசிய ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26.3 பேருக்குச் சர்க்கரை நோய். உங்கள் வரிசையில் நாலு பேரை எண்ணுங்கள், ஒருவர் வந்துவிடுவார். அவர் கையில் எழுத்தில்லாத பொட்டலத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதோ, அப்பாவின் நாற்பது பக்க நோட்டு. மாத்திரையோடு ஆவாரம்பூக் கஷாயமும் குடிக்கட்டுமா என்று மருத்துவரிடமே கேட்டு, குடித்த நாளையும் குடிக்காத நாளையும் சர்க்கரை அளவையும் தன் கையால் எழுதி வருகிறார். அடுத்த முறை ஆய்வுக்கு ஆள் எடுத்தால் என் பெயரைக் கொடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நடுவர் அவர்களே, இதை உங்கள் மேசையில் வைத்துவிட்டு அமர்கிறேன். நன்றி.