ஆலங்கட்டியை மேகத்திலேயே தடுக்க முடியுமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் பட்டர்வொர்த் பசாரில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் விடாமல் கேள்வி கேட்ட பிள்ளை. அன்றும் கேள்வியோடுதான் வந்தாள். "சார், கேமரன் மலையில் எங்கள் அண்ணன் தோட்டத்தில் ஐஸ் கட்டி மழை. பத்து நிமிடம்கூட இல்லை. பிளாஸ்டிக் கூரை கிழிந்து சாலட் கீரை எல்லாம் சல்லடையாகிவிட்டது. இங்கே அணைக்கட்டில் தண்ணீர் குறைந்தால் விமானம் அனுப்பி மேகத்தில் விதைக்கிறார்களே, அதே விமானத்தால் இதைத் தடுக்க முடியாதா?"

மீன்கடை ஓரத்தில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் இன்று வானொலியில் பேச அழைத்தபோது இதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் அந்த விமானத்தைப் பற்றி. பினாங்கின் ஆயர் ஈத்தாம், தெலுக் பாஹாங் அணைகளின் மட்டம் இறங்கும்போது நம் மலேசிய வானிலைத் துறையும் ஆகாயப்படையும் சேர்ந்து மேக விதைப்பு செய்வதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்த விமானம் கொண்டுபோவது உப்புக் கரைசல். சமையலறையில் உப்பு ஜாடியை மூடாமல் வைத்தால் ஈரம் கோத்துக்கொள்கிறது இல்லையா, மேகத்துக்குள்ளும் அதேதான் நடக்கிறது. உப்பைச் சுற்றி ஈரம் சேர்ந்து துளி பெரிதாகி மழையாக இறங்குகிறது. இது உறைநிலைக்கு மேலே இருக்கிற, வெதுவெதுப்பான மேகத்தில் செய்யும் வேலை.

ஆலங்கட்டி பிறப்பது வேறு இடத்தில். இடிமேகத்தின் மேற்பகுதியில், பூஜ்யம் டிகிரிக்கும் கீழே குளிர்ந்த பிறகும் உறையாமல் தண்ணீராகவே இருக்கும் துளிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஒரு சின்னப் பனிக்கரு அவற்றுக்கு நடுவே வந்துவிட்டால், மோதுகிற துளியெல்லாம் அதன்மேல் உறைந்துகொள்ளும். கீழிருந்து வீசும் காற்று அதைத் தாங்கிப் பிடித்திருக்கும்வரை அது வளரும். காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் விழும். பழந்தமிழில் இதற்கு ஆலி என்று பெயர். எவ்வளவு அழகான சொல்! விழுந்த இடத்தில் செய்கிற வேலைதான் அழகில்லை.

இந்தக் குளிர்மேகத்தில் விதைக்க உப்பு உதவாது. அதற்குச் சில்வர் அயோடைடு வேண்டும். அதன் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதால், சுமார் மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே தண்ணீர் அதைப் பற்றிக்கொண்டு உறைகிறது. 1946இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் பெர்னார்ட் வானெகட் இதைக் கண்டுபிடித்தார்.

சரி, பனியைத் தடுக்கப் பனிக்கருவையே தூவுவதா என்று கேட்பீர்கள். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேருக்குச் சமைத்த சோற்றுக்கு ஐந்நூறு இலை போட்டால் ஒவ்வொரு இலைக்கும் ஒரு கவளம்தான் விழும். அதுபோலக் கருக்களை நிறைய உண்டாக்கினால், இருக்கிற தண்ணீரைப் பங்குபோட்டு எல்லாக் கல்லும் சிறுத்துப்போகும், வழியிலேயே உருகிவிடும் என்பதுதான் கணக்கு. இதில் வெற்றி கிடைத்தால் லாபம் பெரிது. கல்லின் விட்டம் பாதியானால் அது இலையை அடிக்கிற இயக்க ஆற்றல் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் மேகம் அளந்து சமைத்த பந்தி இல்லையே. பலத்த புயல்மேகத்தில் கீழிருந்து ஈரக்காற்று ஏறிக்கொண்டே இருக்கும். அண்டா காலியாகாத பந்தியில் எத்தனை இலை போட்டாலும் எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிடும். அப்படிப்பட்ட மேகத்தில் விதைத்தால் கல் கூடவும் வாய்ப்புண்டு. அதோடு, விதைக்க வேண்டிய இடம் புயலின் ஓரத்தில் புதிதாக எழும்பும் மேகக் கோபுரம். அது கல்லாகி விழுவதற்குள் கையில் இருக்கும் நேரம் நிமிடக் கணக்குதான்.

இதைச் செய்து பார்த்தவர்கள் நிறையப் பேர். சோவியத் நாட்டில் பீரங்கிக் குண்டிலும் ராக்கெட்டிலும் மருந்தை வைத்து மேகத்துக்குள் செலுத்தினார்கள். காக்கசஸ் மலையடிவாரத்தில் பயிர்ச்சேதம் 70 முதல் 90 விழுக்காடு வரை குறைந்தது என்றார்கள். அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்கர்கள் கொலராடோவில் 1972இல் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கி, பலன் தெரியாமல் மூன்று பருவத்தோடு விதைப்பை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை சுவிட்சர்லாந்தில் நடந்தது. 1977 முதல் 1981 வரை ஐந்து கோடைகள். சோவியத் பாணி ராக்கெட்டுகளையே பயன்படுத்தினார்கள். புயல் வரக்கூடிய நாளில் இன்று விதைப்பதா வேண்டாமா என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. விஞ்ஞானியின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. விழுகிற கல்லை ரேடாரால் அளந்தார்கள். வயல்வெளியில் நூற்றுக்கணக்கில் பாலிஸ்டிரீன் பலகைகளை வைத்து, அவற்றில் விழுந்த குழிகளையும் எண்ணினார்கள். கடைசியில் விதைத்த நாளுக்கும் விதைக்காத நாளுக்கும் நம்பத் தகுந்த வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

ஏன் இத்தனை சிரமம்? விழாத கல்லை யார் எண்ணுவது? இங்கேதான் முழுச் சிக்கலும். ஒரு தோட்டத்தில் கொட்டிய கல் பக்கத்துத் தோட்டத்தில் ஒன்றுகூட விழாமல் போகும். ஓராண்டு மூன்று முறை அடிக்கும், அப்புறம் ஐந்தாண்டு எட்டிப் பார்க்காது. விதைத்த ஆண்டில் சேதம் குறைந்தால் அது மருந்தின் வேலையா, வானத்தின் போக்கா என்று பிரிப்பது மிகக் கடினம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பல ஆண்டுகளாக விமானத்தில் விதைக்கிறார்கள். பயிர்க் காப்புறுதிக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் இழப்பு 45 விழுக்காடு குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். அதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அங்கே குலுக்கல் இல்லை, அதனால் சுவிஸ் சோதனைக்குச் சமமாக வைக்கவும் மாட்டேன். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1996 முதல் காப்புறுதி நிறுவனங்களே பணம் போட்டு விதைக்கின்றன. எதைக் காக்க என்று நினைக்கிறீர்கள்? கல்கரி போன்ற நகரங்களின் கார்களையும் வீட்டுக் கூரைகளையும். பயிர் அவர்களுடைய கணக்கில் இல்லை.

நம் பக்கம் வருவோம். இங்கே உறைநிலை சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பினாங்கில் விழ வேண்டிய கல் அவ்வளவு தூரமும் வெப்பக்காற்றில் வர வேண்டும். பெரும்பாலும் வழியிலேயே கரைந்து வெறும் மழையாகிவிடும். கோலாலம்பூர்ப் பக்கம் பலத்த இடிமழையில் எப்போதாவது தப்பிவந்து விழுகிறது. கேமரன் மலை சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் கல்லுக்கு அங்கே பயணம் குறைவு. எப்போதாவது, எங்காவது, பத்து நிமிடம் வருகிற ஒன்றுக்காக விமானத்தை நாள்தோறும் தயாராக நிறுத்தி வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். விமானம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஒருவர் கூரையைப் பலப்படுத்தாமல் விட்டுவிட்டால் அது இன்னும் மோசம்.

இமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் விவசாயிகள் மரங்களுக்கு மேலே வலை விரிக்கிறார்கள். இத்தாலியின் வட மலைகளிலும் அப்படித்தான். வலை கல்லைச் சிறிதாக்குவதில்லை, பிடித்து நிறுத்துகிறது. அது வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ளக் குலுக்கல் தேவையில்லை, மறுநாள் காலையில் மரத்தைப் பார்த்தால் போதும். வலைக்குச் செலவு உண்டு, கம்பங்கள் உறுதியாக இருக்க வேண்டும், நிழலும் கொஞ்சம் கூடும். இருந்தாலும் அந்த அண்ணனுக்கு நான் சொன்ன பதில் அதுதான்: பிளாஸ்டிக் கூரைக்கு ஒரு சாண் மேலே கெட்டியான வலை, முதலில் விலை கூடிய பயிர் இருக்கிற பாத்திகளுக்கு மட்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். சுவிஸ் சோதனையில் வைத்த பலகையைப் போல, மீன் பெட்டியின் பாலிஸ்டிரீன் மூடி ஒன்றை அலுமினியத் தாளால் சுற்றி, திறந்த வெளியில் கல்லோ கம்பியோ வைத்து அசையாமல் பதித்து வைக்கச் சொன்னேன். மலையில் தோட்டம் வைத்திருக்கும் நேயர்களும் இதைச் செய்யலாம். ஆலங்கட்டி விழுந்தால், மழை விட்டதும் தேதியையும் நேரத்தையும் பலகையின் முதுகில் எழுதுங்கள். உருகுவதற்குள் ஒரு கல்லை எடுத்து 50 சென் காசுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பலகையைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

நன்றி, வணக்கம்.