நல்ல சிவில் வக்கீலை எப்படி அறிவது? மேலூர் மாமாவின் நில வழக்கு

அனைவருக்கும் வணக்கம். மேலூர் மாமாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் இடையிலான வரப்புத் தகராறு பற்றிச் சென்ற காணொளியில் நான் எவ்வளவு கோபமாகப் பேசினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இன்று மகிழ்ச்சியோடு பேசுகிறேன். மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு அருகில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினோம்.

இவருக்கு முன் நாங்கள் பார்த்த முதல் வக்கீல் பத்திரக் கட்டைப் பிரிக்காமலேயே, "தடையுத்தரவு வாங்கிவிடலாம்" என்று சொல்லி முன்பணம் பெற்றுக்கொண்டார், ரசீது தரவில்லை. வெற்றிக்கு முதல் நாளே உறுதி கொடுப்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. இந்த அம்மாவோ மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகியவற்றை மேசையில் பரப்பி, ஒவ்வொரு பத்திரத்தின் நான்கெல்லையையும் அதற்கடுத்த பத்திரத்தோடு ஒப்பிட்டுப் படித்தார். பட்டா மட்டும் உரிமையை நிலைநாட்டிவிடாது என்பதையும் மாமாவுக்குப் பொறுமையாக விளக்கினார்.

இதற்கு அவர் வாங்கிய கட்டணம் 1,500 ரூபாய். தாளைப் படிப்பதற்கே இவ்வளவா என்று மாமா முணுமுணுத்தார். நீதிமன்றத்தில் தவறான பரிகாரம், அதாவது தவறான தீர்வு, கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட இது மிகக் குறைவு என்பதே என் உறுதியான கருத்து. மேலும், ரசீது கொடுத்தார்! தேதி, கையெழுத்து, "ஆவணப் பரிசீலனைக்காக" என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. வாங்கும் பணத்துக்குக் கணக்குக் காட்டுபவரிடம்தான் நம் மூலப் பத்திரத்தை நம்பிக் கொடுக்க முடியும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். முதல் வக்கீல் அனுப்பிய நோட்டீசுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் பதில் அனுப்பியிருந்தார். அந்த நிலம் மாமாவுடையதே அன்று என்பது அதன் சாரம். இந்த அம்மாவின் விரல் அந்த வரியில்தான் நின்றது. எதிர்த்தரப்பு உரிமையையே மறுத்து, அதில் உண்மையான சிக்கலும் இருக்கும்போது வெறும் தடையுத்தரவு கேட்டால் போதாது, உரிமை விளம்புகையும் (நிலம் தன்னுடையதே என்று நீதிமன்றம் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றும் இருந்துவிட முடியாது. விசாரணை தொடங்கிய பின் பிராதை, அதாவது வழக்குத் தொடுக்கும் மனுவை, திருத்தக் கேட்டால், உரிய கவனம் செலுத்தியும் முன்பே ஏன் எழுப்ப முடியவில்லை என்பதற்கு நீதிமன்றத்தில் காரணம் காட்ட வேண்டும்.

நீதிமன்றத்தில் உரக்கப் பேசுபவரையே கெட்டிக்கார வக்கீல் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. சிவில் வழக்கின் பெரும்பகுதி பிராது எழுதும் மேசையிலேயே தீர்மானமாகிறது. வாய்தா மேல் வாய்தா வாங்குவதும் திறமை ஆகாது. விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்புத் தரலாகாது என்றே உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பிராதின் வரைவைத் தமிழில் தயாரித்து, கையெழுத்துக்கு முன் மாமாவையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். அதில் உள்ளவை உண்மை என்று உறுதிமொழி அளித்துக் கையெழுத்திடுபவர் மாமாதானே! படிக்கும்போது கிழக்கெல்லை "வாய்க்கால்" என்றிருப்பதை மாமா கண்டுபிடித்தார். பத்திரத்தில் அது வண்டிப்பாதை. அந்த அம்மா உடனே சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, மீதிப் பக்கங்களையும் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.