மீனுக்குத் தூண்டில் போடும் மட்டி: அதை மூச்சுமுட்ட வைத்த நகம் அளவு எதிரி!

வணக்கம் மக்களே! திரையில் ஆடுகிற இந்தக் குட்டி மீனைப் பாருங்கள். கண் இருக்கிறது, வால் இருக்கிறது, உடம்பில் கோடு கூட இருக்கிறது. ஆனால் இது ஒரு மட்டியின் சதை!

வட அமெரிக்க ஆறுகளில் வாழும் லாம்ப்சிலிஸ் வகை மட்டி. பெண் மட்டி தன் சதை மடிப்பை ஓட்டுக்கு வெளியே நீட்டி, நீந்தும் மீன் போலவே ஆட்டும். பசியோடு வரும் பாஸ் மீன் லபக்கென்று கவ்வியதும், தன் குஞ்சுகளை அதன் வாய்க்குள் பீய்ச்சிவிடும். குஞ்சுகள் செவுளைப் பிடித்துக்கொண்டு, மீனின் உடம்பிலிருந்தே சத்தெடுத்து, சில வாரம் ஊர் சுற்றும். அப்புறம் எங்கோ உதிர்ந்து மணலில் குடியேறும். கண்ணே இல்லாத உயிர் இப்படி மீன் வேடம் போடுகிறதே! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

சரி, எதிரிக்கு வருவோம். பெயர் வரிக்குதிரை மட்டி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்து உயிர். கப்பல்கள் நிலை சாயாமல் இருக்க அடித்தொட்டியில் நிரப்பும் தண்ணீரோடு வந்து, 1988-ல் அமெரிக்கா–கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்ணில் பட்டது. இதன் குஞ்சு மீனை நம்பியில்லை, தண்ணீரில் மிதந்தே வளரும். ஒரு பெண் மட்டி ஆண்டுக்கு 10 லட்சம் முட்டை வரை விடும்.

வளர்ந்ததும் நூல் விட்டுக் கெட்டியான எதிலும் ஒட்டும். சேற்று ஏரியில் கெட்டியாகக் கிடைப்பது, பாதி புதைந்து வாழும் லாம்ப்சிலிஸ் போன்ற உள்ளூர் மட்டியின் ஓடுதான். வெளியே நீட்டியிருக்கும் அந்தப் பாதி ஓட்டின் மேல் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் அப்பிக்கொள்ளும். அடியில் மாட்டிய உள்ளூர் மட்டியால் ஓட்டைச் சரியாகத் திறந்து மூடக்கூட முடியாது. திறந்தாலும், வரும் பாசியை மேலே இருப்பவை வடிகட்டித் தின்றுவிடும். சில ஆண்டுகளில் அந்த ஏரியின் திறந்த நீர்ப்பகுதியில் உள்ளூர் மட்டிகள் அநேகமாக ஒழிந்தே போயின. ஆனால் வரிக்குதிரை மட்டி குடிநீர்க் குழாயை அடைத்தபோதுதான் ஊர் பதறியது, உள்ளூர் மட்டிகளுக்காக அல்ல. எனக்கு அதில் ஆறாத வருத்தம்.

ஆனால் 1996-ல், அதே எல்லையிலுள்ள ஈரி ஏரியின் மேற்குக் கரையில், மெட்ஸ்கர் சதுப்பின் தண்ணீரை வடித்தபோது ஆயிரக்கணக்கான உள்ளூர் மட்டிகள் உயிரோடு கிடைத்தன! அங்கே களிமண் மெத்தென்று இருக்கும். வெயிலில் தண்ணீர் சூடானதும் இவை முழுக்கப் புதைந்துகொள்ளும். மேலே ஒட்டியவை சேற்றுக்குள் மூச்சுமுட்டி உதிர்ந்துவிடும்.

எண்ணூர், பழவேற்காடு மீனவர்களை வாட்டும் காக்கா ஆழியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மட்டிதான். அந்தப் பக்கம் இருப்பவர்கள், ஆற்றில் நீங்கள் பார்த்ததைக் கமென்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.